கரையும் படகும்

நீரில் மீன் பிடிப்பவன் கரையில் நின்று பிடிப்பது மேலா, படகேறிச் சென்று பிடிப்பது மேலா? இப்படியொரு கேள்வியை யாரேனும் நம் முன் வைத்தால், ‘இது தூண்டில்காரர் வம்பு; இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?’ என்றே நம்மவரிற் பலர் ஒதுக்கிவிடுவர். எதில் அதிக மீன் கிடைக்கிறதோ அதுவே மேல் என்று ஒரே வரியில் வழக்கைத் தீர்த்துவிடுவாரும் உண்டு. ஆனால் ‘எதில் அதிகம் கிடைக்கிறதோ அதுவே மேல்’ என்னும் அந்த ஒரு வரிதான், உலகில் நடக்கும் அநியாயங்களிற் பாதிக்கு வேதவாக்காக இருந்து வருகிறது. கூலியைக் குறைத்தவனும் அதைத்தான் சொன்னான். காட்டை அழித்தவனும் அதைத்தான் சொன்னான். ஆகவே இச்சிறு கேள்வியைச் சற்று விரித்துப் பார்ப்பது வீண் வேலையாகாது.

இக்கேள்வி மிகுதியாகப் பேசப்படுவது அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள ஆறுகளிலே. குளிர்ந்த நீரில் வாழும் ட்ரௌட் என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது அங்கே பெரியதொரு விளையாட்டு. இம்மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கிப் பாறையின் மறைவிலோ, கரையோரத்துப் புல்லின் நிழலிலோ நின்று, ஆறு கொண்டுவரும் பூச்சிகளை உண்டு வாழும். கரையில் நிற்பவனுக்கும், முழங்கால் அளவு நீரில் இறங்கி நிற்பவனுக்கும் தூண்டிற் கயிறு எட்டும் தூரமே உலகம். ஆழ்ந்த மடுவும் எதிர்க்கரையும் அவனுக்கு எட்டா. ஆனால் நின்ற இடத்திலேயே நிற்பதால் ஒரு கல்லின் நிழலையும் ஒரு சுழியின் போக்கையும் அவன் பாடமாகக் கற்றுக்கொள்கிறான்.

படகில் செல்பவனின் கதை வேறு. இவ்விளையாட்டுக்கென்றே தட்டையான அடியும் உயர்ந்த முனைகளும் உடைய ஒருவகைப் படகு உண்டு. அது ஆற்றின் போக்கிலேயே மிதந்து செல்லும். நடுவில் ஒருவன் அமர்ந்து, நீரோட்டத்துக்கு எதிராகத் துடுப்பை வலித்து வேகத்தைத் தணிப்பான். முன்னும் பின்னும் இருவர் தூண்டிலை வீசிக்கொண்டே செல்வர். ஒரு பகற்பொழுதில் பல மைல் ஆறு அவர்கள் கைக்குள் வந்துவிடும். கால் வைக்கக்கூடாத மடுக்களும், பிறர் நிலத்துக்கு அப்பாலுள்ள கரைகளும் அவர்களுக்குத் திறந்த வீடு. துடுப்பு வலிப்பவன் பெரும்பாலும் கூலிக்கு வந்தவன். ஆற்றை நன்கு அறிந்தவன் அவனே. ஆனால் தூண்டில் இருப்பது பணம் கொடுத்தவன் கையில். அந்தச் சிறு படகிலேயே உலகத்து உழைப்புப் பிரிவினை முழுவதும் மூன்று ஆசனங்களில் உட்கார்ந்திருக்கக் காண்கிறோம்.

மாண்டானா மாநிலத்தில் மாடிசன் என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் மேற்பகுதியில் குவேக் ஏரி தொடங்கி லயன்ஸ் பாலம் வரையில் ஒரு விதி உண்டு. படகில் போகலாம், வரலாம். ஆனால் படகில் இருந்தபடி மீன் பிடிக்கலாகாது. பிடிக்க விரும்புவோர் படகை ஒதுக்கி நிறுத்தி, கீழே இறங்கி நிற்கவேண்டும். இவ்விதியின் நுட்பம் கவனிக்கத்தக்கது. படகு கூடாதென்று அது சொல்லவில்லை. படகு உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாகனமாக இருக்கட்டும். மீனுக்கும், கரையில் நிற்கும் உன் அயலானுக்கும் எதிராக நீ ஏந்தும் ஆயுதமாக வேண்டாம் என்றே சொல்கிறது. அதே மாநிலத்தில் 1985ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் இன்னொரு நியாயத்தையும் நிலைநாட்டிற்று. ஆறு தனியார் நிலத்தின் நடுவே ஓடினாலும், பொது இடத்தின் வழியாக முறைப்படி ஆற்றில் இறங்கியவன், சாதாரணமாக வெள்ளம் தொடும் எல்லைக்குள் நடந்து மீன் பிடிக்கலாம், நிலக்காரன் தடுக்கலாகாது. ஆற்றிலே போகிற தண்ணீரை ஐயா குடி, அம்மா குடி என்று நம் கிழவிகள் சொல்லும் பழமொழியை, அம்மாநிலத்தார் சட்டப் புத்தகத்தில் எழுதிக்கொண்டனர் எனலாம்.

ட்ரௌட் மீனின் கதை தமிழனுக்கு அந்நியமானதன்று. வெள்ளைத் துரைமார் தாம் சென்ற மலைகளுக்கெல்லாம் தம் விளையாட்டையும் கூடவே எடுத்துச் சென்றனர். நீலகிரியின் ஓடைகளில் இம்மீனைக் குடியேற்ற 1860களில் பிரான்சிஸ் டே என்னும் இராணுவ வைத்தியர் முயன்று தோற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவர் அதை நிறைவேற்றினார். அவலாஞ்சியில் அதற்கெனக் குஞ்சு பொரிப்பகமும் எழுந்தது. இலங்கையின் நுவரெலியாவிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோட்டத் துரைமார் இம்மீனை வளர்த்தனர். சங்கம் அமைத்தனர், உரிமச்சீட்டு இல்லாதவன் தூண்டில் போடலாகாதென்று ஏற்பாடும் செய்துகொண்டனர். அந்த ஓடைகளின் இருமருங்கும் தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாகக் காடு கடந்து சென்ற நம்மவரே. கப்பலேறி வந்த மீன் முட்டைக்குக் காவலும் குடியுரிமையும் கிடைத்தன. நடந்து வந்த மனிதனுக்கோ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையே இல்லையென்றாயிற்று. அந்தக் குறை முற்றத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் காத்திருக்க நேர்ந்தது. மீன் பிடிக்கும் விளையாட்டு குற்றமற்ற பொழுதுபோக்கு என்று சொல்வோர், அந்தக் கரையில் யார் நிற்கலாம், யார் நிற்கலாகாது என்பதையும் உடன் சேர்த்தே சொல்லவேண்டும் என்பதற்காக இதை எடுத்துக்காட்டினோம்.

இனி நம் நகரத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் ட்ரௌட் வாழும் குளிர்ந்த ஆறு இல்லை. ஆனால் கரையும் படகும் உண்டு. ஆகவே கேள்வியும் உண்டு. தேக்காவில் பெய்யும் மழை ரோச்சோர்க் கால்வாயில் இறங்கிக் காலாங் படுகையைச் சேர்கிறது. 2008இல் மரீனா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு அந்நீர் கடலுக்கு ஓடிவிடாமல் மரீனா நீர்த்தேக்கத்தில் தங்கி, தூய்மை செய்யப்பட்டு, நம் வீட்டுக் குழாய்க்கே திரும்பி வருகிறது. இவ்வாறு 17 நீர்த்தேக்கங்கள் இத்தீவுக்கு நீர் வழங்குகின்றன. சிராங்கூன் சாலையில் பூ விற்கும் அம்மாளின் கூரையில் விழுந்த துளியும், மாளிகையின் மாடியில் விழுந்த துளியும் அங்கே ஒன்றாகக் கலக்கின்றன. நீரில் சாதியில்லை, சொத்துரிமையில்லை என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டுவதில்லை.

இந்நீர்த்தேக்கங்களில் குறிப்பிட்ட சில கரைகளில் மட்டுமே தூண்டில் போட அனுமதியுண்டு. உயிருள்ள இரை கூடாது. செயற்கை இரையே கூடும். மற்ற இடங்களில் பிடித்தால் 3,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். நாம் குடிக்கும் நீர் கெடாமலிருக்கப் பொதுப் பயனீட்டுக் கழகம் வகுத்த விதி இது. விதி கடுமையாகத் தோன்றினாலும் அதன்கண் ஒரு சமத்துவம் இருக்கிறது. கம்பெனி முதலாளிக்கும், அவர் கம்பெனியில் மூட்டை சுமப்பவனுக்கும் அதே கரைதான். அதே செயற்கை இரைதான். கடற்கரையிலும் இப்படியே. பிடோக் படகுத்துறையிலும், சாங்கி, பாசிர் ரிஸ், லாப்ரடார் கரைகளிலும் அனுமதித்த இடங்களில் யாரும் நிற்கலாம். நுழைவுச் சீட்டு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நிற்போரைப் பாருங்கள். ஓய்வு பெற்ற சீனக் கிழவர் ஒருபுறம், பேரனை அழைத்து வந்த மலாய்க்காரர் ஒருபுறம், கப்பல் பட்டறையில் ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் வெளியே வந்த தமிழ்நாட்டு இளைஞன் ஒருபுறம். நாகப்பட்டினத்திலோ இராமநாதபுரத்திலோ அவன் பாட்டனுக்குச் சொந்தத்தில் கட்டுமரம் இருந்திருக்கலாம். இங்கே அவனுக்குச் சொந்தமாக இருப்பது கையிலுள்ள நரம்புக் கயிறும், அடுத்த வாரம் வரும் இன்னொரு ஞாயிறுமே. அவன் தூண்டிலில் மீன் மாட்டினால் பக்கத்திலிருக்கும் சீனக் கிழவர் தம் கைவலையை நீட்டி உதவுகிறார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. மேடைகளில் நாம் பேசும் இன ஒற்றுமை, படகுத்துறையில் பேச்சில்லாமலே நடந்துகொண்டிருக்கிறது.

படகில் போவதற்கோ வேறு தகுதிகள் வேண்டும். இயந்திரப் படகைச் செலுத்த உரிமம் வேண்டும். படகை நிறுத்தி வைக்க இடம் வேண்டும். இல்லையேல் ஒரு நாளைக்குப் பல நூறு வெள்ளி கொடுத்து அமர்த்திக்கொள்ள வேண்டும். தெற்குத் தீவுகளுக்கருகே உள்ள ஆழ்ந்த நீரும் பெரிய மீனும் அவ்வாறு சென்றவர்க்கே கிட்டும். இதனால் படகில் போவோரெல்லாம் கெட்டவர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஐந்தாறு நண்பர்கள் காசு சேர்த்து ஒரு நாள் கடலுக்குப் போய்வருவதில் பாவம் ஏதுமில்லை. இன்னும் சொல்லப்போனால், இத்தீவின் ஆதிக் குடிகளுக்குப் படகே வீடாக இருந்தது. ஓராங் செலேத்தார் மக்கள் ஜொகூர் நீரிணையின் சதுப்பு நிலங்களில் படகிலே பிறந்து, படகிலே சமைத்து, படகிலே வாழ்ந்தனர். அவர்களை நோக்கிக் ‘கரைக்கு வா, அதுவே அறம்’ என்று உபதேசித்திருந்தால் அது நகைப்புக்கிடமாகும். ஆகவே படகு என்ற பொருளிலே குற்றமில்லை. படகு ஒருவனுக்கு எதற்காக வேண்டியிருக்கிறது என்பதிலேதான் விவகாரம் தொடங்குகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘கரைக்காரனைப் புகழ்வது ஏழ்மையைப் புகழ்வதாகாதா? படகு வாங்க வழியில்லாததால் கரையில் நிற்பவனுக்கு அடக்கம் என்னும் பட்டம் சூட்டுவானேன்?’ என்று கேட்பார்கள். நியாயமான மறுப்பே. ஏழை என்பதனாலேயே ஒருவன் அறவோனாகிவிடுவதில்லை. கரையில் நிற்பவன் அறுந்த நரம்புக் கயிற்றையும் முள்ளையும் அங்கேயே போட்டுவிட்டுப் போகிறான். நாரையின் காலிலும் நீர்நாயின் கழுத்திலும் அது சுற்றி அறுக்கிறது. விரலளவுக் குஞ்சையும் விடாமல் வாளியில் போட்டுக்கொள்பவன் கரையிலும் உண்டு. தடை செய்த இடத்தில் இருட்டிய பிறகு தூண்டில் போடுபவனும் கரைக்காரன்தான். வழியில்லாமல் அடங்கியிருப்பது அறமன்று. வழியிருந்தும் அடங்கியிருப்பதே அறம். நாம் கரையைப் புகழ்வது கரையில் நிற்பவனின் ஏழ்மைக்காக அன்று. கரை என்பது மனிதனுக்கு ஒரு எல்லையைக் காட்டுகிறது. அந்த எல்லைக்கு அப்பால் மீனுக்கும் ஓர் இடம் உண்டு என்று ஒப்புக்கொள்ளச் செய்கிறது. அதற்காகவே புகழ்கிறோம்.

அந்த ஒப்புதல் ஏன் வேண்டும்? ‘மீனுக்கு வலியேது?’ என்று வழிவழியாகச் சொல்லி வந்தோம். 2003ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் அந்த ட்ரௌட் மீனையே வைத்து ஆராய்ந்தனர். மீனின் முகத்தில், காயத்தையும் எரிச்சலையும் உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் கண்டனர். உதட்டில் அமிலத்தைச் செலுத்தியபோது அம்மீன்கள் வாயைத் தொட்டியின் சரளைக் கற்களில் தேய்த்துக்கொண்டன. வெகுநேரம் இரையெடுக்காமல் இருந்தன. அது நாம் அறியும் வலிதானா என்று மறுத்துரைக்கும் விஞ்ஞானிகளும் உளர், விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் பகுத்தறிவுடையோர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. வலிக்காது என்று நிச்சயமாகத் தெரியாதபோது, வலிக்கக்கூடும் என்று எண்ணி நடப்பதே பகுத்தறிவு.

இங்கேதான் விளையாட்டுக்காரர் ஒரு புண்ணியத்தைக் காட்டுவர்: ‘நாங்கள் மீனைக் கொல்வதில்லை, பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப நீரிலே விட்டுவிடுகிறோம்’ என்பர். மீன் குலம் அழியாதிருக்க இவ்வழக்கம் பலவிடங்களில் உதவியிருக்கிறது என்பது மெய்யே, அதை மறுக்கமாட்டோம். ஆனால் சுவிட்சர்லாந்து நாட்டார் 2008இல் வகுத்த விலங்குப் பாதுகாப்பு விதிகளில், திரும்ப விட்டுவிடும் எண்ணத்துடனேயே மீன் பிடிப்பதைத் தடுத்துவிட்டனர். உண்பதற்காகப் பிடிப்பவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது. வெறுமனே வேடிக்கைக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளை மாட்டுவதற்கு என்ன காரணம் இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. பசிக்காகக் கொன்றவனைக் காட்டிலும், கொல்லாமல் விட்டதாகப் பெருமை பேசுபவன் மேலானவன்தானா? புலால் மறுத்தலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை வணங்கும் நாம், வாரந்தோறும் ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறிக்கு வரிசையில் நிற்கும் நாம், இக்கேள்வியைப் பிறர் மீது மட்டும் வீசிவிட்டுத் தப்ப இயலாது. உண்பவன் உண்ணட்டும், ஆனால் தட்டில் கிடப்பது ஓர் உயிராக இருந்தது என்ற நினைப்போடு, வீணாக்காமல் உண்ணட்டும். விளையாடுபவன் விளையாடட்டும், ஆனால் தன் விளையாட்டுக்கு மீன் கொடுக்கும் விலையைக் குறைத்துக்கொள்ளட்டும். முள்ளின் எதிர்க்கொக்கியை நசுக்கிவிடுவதும், மீனை ஈரக்கையால் பிடிப்பதும், படம் எடுக்க வெகுநேரம் நீருக்கு வெளியே தூக்கிப் பிடிக்காமலிருப்பதும் பெரிய தியாகங்கள் அல்லவே!

இதுவரை விளையாட்டைப் பற்றிச் சொன்னோம். பிழைப்பு என்று வரும்போது தராசு மாறவேண்டும். மீன் பிடிப்போரை நம் சமூகம் எப்படி நடத்தி வந்தது? நெய்தல் நிலத்துப் பரதவரை இலக்கியத்தில் பாடிவிட்டு, ஊருக்குள்ளே அவர்களை எட்டி நிற்கச் சொன்னோம். மீனைத் தின்பவன் உயர்ந்தவன், பிடிப்பவன் தாழ்ந்தவன் என்பது என்ன நியாயம்? உயிரைக் கொல்லும் தொழில் என்று அத்தொழிலைப் பழித்தவன் வீட்டு அடுப்பிலே அதே மீன் கொதித்துக்கொண்டிருந்தது. புயலிலும் அலையிலும் உயிரைப் பணயம் வைத்துப் போகும் அவர்களுக்குப் படகு வேண்டும், நல்ல படகு வேண்டும், இயந்திரமும் வேண்டும். நாம் இயந்திரத்துக்கு விரோதிகள் அல்லர். தோளில் விழுந்த பாரத்தை இயந்திரத்தின் மீது இறக்கி வைப்பதே நாகரிகம்.

ஆனால் பிழைப்புக்கான படகுக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதைத் தமிழர் கடலே நமக்குக் கற்பித்திருக்கிறது. தமிழ்நாட்டில் கரைவலை இழுப்போரும் கட்டுமரக்காரரும் ஒருபுறம், விசைப்படகில் இழுவலை கட்டிச் செல்வோர் மறுபுறம் என்று பெரும் சச்சரவுகள் எழுந்தன. அதன் பயனாக 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள நீரை நாட்டுப் படகினர்க்கென ஒதுக்கிற்று. மீன் இனப்பெருக்கக் காலமென்று கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகலாகாதென்ற தடையும் இருக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கும் அளவுக்கு நீரில் இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஆயினும் அச்சட்டத்தின் கருத்து உயர்ந்தது. வலியவனுக்கு ஆழம் திறந்திருக்கிறது. எளியவனுக்கு இந்த மூன்று மைல்தான் இருக்கிறது. அதிலும் வலியவன் வந்து கைவைக்கலாகாது என்பதே அதன் கருத்து.

பாக்கு நீரிணையில் நடப்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. 1983 முதல் 2009 வரையில் நடந்த போரில் யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளின் மீனவர் கடலுக்குப் போகவே இயலாமல் முடங்கிக் கிடந்தனர். போர் ஓய்ந்து, கடன் வாங்கிச் சிறு படகும் வலையும் தேடிக்கொண்டு அவர்கள் கடலில் இறங்கியபோது, அக்கரையிலிருந்து வந்த இழுவைப் படகுகள் அடித்தளத்தையே வழித்துச் செல்லக் கண்டனர். விரித்த வலைகளும் அறுந்தன. அடியை வாரும் அந்த இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. வந்தவர் யார்? அவர்களும் தமிழரே. தம் கரையில் மீன் வற்றியதாலும், படகுக்கு வாங்கிய கடனாலும், படகு முதலாளியின் நெருக்கலாலும் துரத்தப்பட்டு வந்தவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் கடலிலே உயிரிழந்தும், சிறையிலே வாடியும் இருக்கின்றனர். அவர்கள் துன்பம் பொய்யன்று. ஆனால் ஒரு தமிழனின் துன்பம் இன்னொரு தமிழனின் வலையை அறுக்கும் உரிமையாகுமா? மொழியொன்று, கடலொன்று என்று மேடையில் முழங்குவோர், இருகரை மீனவரையும் எதிரெதிரே உட்காரவைத்து இக்கேள்விக்கு விடை காணாமல் விட்டால், அந்த முழக்கம் அலையிரைச்சலோடு போய்விடும். இந்நகரத்தில் இராமநாதபுரத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் ஒரே பள்ளியில் படித்து, ஒரே கடையில் தேநீர் அருந்தி வாழ்கின்றனர். இருதரத்தாரின் நியாயத்தையும் சினமின்றிக் கேட்க நம்மைக் காட்டிலும் வசதியான இடத்தில் இருப்போர் யார்?

ஆகவே நமது தீர்ப்பு இதுதான். கரையா படகா என்று பொருளைக் கேட்பதை விட்டு, மூன்று கேள்விகளை மனிதனிடம் கேட்கவேண்டும். நீ போவது தேவைக்கா, வேடிக்கைக்கா? நீ எடுத்தது போக உன் அயலானுக்கு மிச்சம் இருக்கிறதா? நீ எட்டாத இடம் ஒன்றையாவது அந்த உயிருக்கு விட்டு வைத்தாயா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை சொல்லக்கூடிய படகுக்காரன், விடை சொல்லமுடியாத கரைக்காரனைவிட மேலானவன். எனினும் பொதுவாக ஒரு விதி சொல்லச் சொன்னால், பிழைப்புக்குப் படகு, விளையாட்டுக்குக் கரை என்போம். பிழைப்பவனுக்குத் தூரம் தேவை. விளையாடுபவனுக்கோ தடையே விளையாட்டு; எளிதாகக் கிடைத்துவிட்டால் அது விளையாட்டாகாது. ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கவேண்டும் என்பது பழமொழி. அதை இழிவாகச் சொல்வது வழக்கம். நாம் அதை வேறுவிதமாகப் பொருள் கொள்ளலாம். நாய்க்கு அதன் நாவளவே போதும் என்பது இயற்கை வகுத்த அளவு. மனிதனுக்கு இயற்கை அவ்வாறு அளவு வகுக்கவில்லை. அவன் நாக்கு இயந்திரத்தின் உதவியால் ஆற்றையே வற்றச் செய்யும். ஆகவே அவன் தன் அளவைத் தானே வகுத்துக்கொள்ளக் கடமைப்பட்டவன்.

இதில் தனி மனிதனுக்கு மட்டுமன்றிச் சமூகத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. 1966இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்பினால் மீனவக் கிராமங்களின் வாசலிலிருந்து அலை விலகிப் போயிற்று. 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த இத்தீவு இன்று 730க்கும் மேற்பட்டது. பழைய கரை போனது ஒரு தலைமுறையின் துக்கம். ஆயினும் புதிய கரையின் பெரும்பகுதி வேலியிட்ட தோட்டமாகிவிடாமல், கிழக்குக் கடற்கரைப் பூங்காவென எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டது நல்லதொரு முன்மாதிரி. கரை திறந்திருக்கும் வரையில், படகில்லாதவன் தன்னை ஏழை என்று எண்ணவேண்டியதில்லை. கரையும் விலைக்குப் போய்விட்ட ஊரிலோ, எத்தனை படகுகள் மிதந்தாலும் அங்கே பொதுவாழ்வு கரைதட்டிவிட்டது என்றே பொருள்.

நம் இளைஞர் சங்கங்கள் இதில் செய்யக்கூடியவை பல. மாதம் ஒரு ஞாயிறு ஏதேனுமொரு படகுத்துறைக்குச் சென்று அறுந்த கயிறும் முள்ளும் பொறுக்கலாம். அங்கே நிற்கும் புதிய தொழிலாளத் தோழர்க்கு எவ்விடத்தில் அனுமதியுண்டு, எவ்விடத்தில் அபராதமுண்டு என்பதைத் தமிழில் அன்போடு எடுத்துச் சொல்லலாம். அறியாமையால் ஒருவன் ஒரு மாதக் கூலியை இழப்பதை அது தடுக்கும். பிள்ளைகளை அழைத்துச் சென்று, எத்தனை மீன் பிடித்தாய் என்று கேட்பதற்குப் பதிலாக, எந்த மீனைப் பார்த்தாய், அதன் பெயர் என்ன என்று கேட்கப் பழகலாம். பிடித்ததைப் பக்கத்தில் நிற்பவனோடு பங்கிட்டுக்கொள்ளலாம். பொதுவான நீரைப் பொதுவாக வைத்திருப்பது சட்டத்தால் மட்டும் ஆகக்கூடியதன்று. கரையில் நிற்கும் ஒவ்வொருவனும் பக்கத்திலிருப்பவனுக்குச் சற்று இடம் விட்டு நிற்பதனால்தான் அது நிலைக்கும்.